போர்க்கடன் பத்திரச் சுவரொட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களின்போதும், சண்டையில் இருந்த நாடுகள் தங்கள் சொந்த மக்களிடமே கடன் கேட்டன. தொலைக்காட்சி பரவாத காலத்தில் அந்தக் கடனைக் கேட்கும் முக்கிய வாய் சுவரொட்டிதான். ரயில் நிலையம், தபால் நிலையம், மளிகைக் கடை, பள்ளிக்கூடம், தொழிற்சாலை வாசல் என்று எங்கு திரும்பினாலும் "பத்திரம் வாங்கு" என்றது. இந்தப் பக்கம் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியது. அங்குதான் இந்தக் கலை மிகப் பெரிய அளவில் நடந்தது. மற்ற நாடுகள் தேவைப்படும் இடத்தில் வரும்.

போர்க்கடன் பத்திரம் என்பது என்ன?

அரசுக்கு நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள். அதற்கு அத்தாட்சியாக ஒரு பத்திரம் தருகிறார்கள். இத்தனை ஆண்டில் அசல், இத்தனை சதவீதம் வட்டி என்று அதில் போட்டிருக்கும். சாதாரண அரசுக் கடன் பத்திரத்துக்கும் இதற்கும் கணக்கில் வித்தியாசம் கிடையாது. விற்ற விதத்தில்தான் வித்தியாசம். மற்ற பத்திரத்தை வங்கிக்காரர்களுக்கு விற்பார்கள். இதை தையல்காரருக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் விற்றார்கள்.

வரி போடும் அதிகாரம் அரசிடம் இருக்கும்போது கடன் எதற்கு?

வரியும் போட்டார்கள். அது போதவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கா செய்த செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வரியிலிருந்து வந்தது. இரண்டாம் போரில் வரியின் பங்கு கூடியது, ஆனாலும் பாதியை எட்டவில்லை.

இன்னொரு காரணம் அவ்வளவாக வெளியே பேசப்படவில்லை. போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடும், எல்லோருக்கும் வேலை கிடைக்கும், கையில் காசு புரளும். ஆனால் கடையில் பொருள் இருக்காது. காரும் குளிர்சாதனப் பெட்டியும் செய்த ஆலைகள் டாங்கியும் விமானமும் செய்துகொண்டிருக்கும். இருக்கிற கொஞ்சம் பொருளை எல்லோரும் துரத்தினால் விலை எகிறும். அந்தக் காசை மக்கள் கையிலிருந்து எடுத்துப் பத்து ஆண்டுக்குப் பூட்டி வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நிதித் துறைக்கு இந்தக் கவலை பெரிதாகவே இருந்தது. "விலைவாசியை அடக்கப் பத்திரம் வாங்குங்கள்" என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? அதனால் பெரும்பாலான சுவரொட்டிகளில் சிப்பாய் நின்றார்.

எவ்வளவு பணம் திரண்டது?

அமெரிக்கா 1917 ஏப்ரலில் முதல் உலகப் போரில் இறங்கியது. அப்போதைய நிதிச் செயலாளர் வில்லியம் மக்காடூ, அதிபர் வில்சனின் மருமகனும்கூட. அவர் காலத்தில் "லிபர்ட்டி கடன்" என்ற பெயரில் நான்கு சுற்று நடந்தது. போர் முடிந்தபின் 1919-ல் "விக்டரி கடன்" என்று ஐந்தாவது சுற்று. மொத்தம் சுமார் 2,150 கோடி டாலர். முதல் சுற்றில் வட்டி மூன்றரை சதவீதம். கடைசிச் சுற்றில் நாலேமுக்கால் வரை ஏற்ற வேண்டியிருந்தது. அழகான படம் ஒரு பக்கம் இருந்தாலும், வட்டியைக் கூட்டித்தான் விற்றார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நான்காவது சுற்றில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள்.

இரண்டாம் போரில் கணக்கு இன்னும் பெரியது: ஏறத்தாழ 18,500 கோடி டாலர். எட்டரைக் கோடி அமெரிக்கர்கள் வாங்கியதாகச் சொல்வார்கள். அன்றைய மக்கள்தொகை சுமார் 13 கோடி. ஆனால் தொகையில் பெரும்பகுதி காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள், பெரிய கம்பெனிகள் போட்ட பணம். தலைக்கணக்கில் சாமானியர் அதிகம், பணக்கணக்கில் நிறுவனங்கள் அதிகம்.

படங்களை வரைந்தவர்கள் யார்?

அன்றைய பத்திரிகை ஓவியர்கள். 1917-ல் வில்சன் அரசு ஜார்ஜ் க்ரீல் என்ற பத்திரிகையாளரின் தலைமையில் ஒரு பிரசாரக் குழுவை அமைத்தது. அதில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சார்லஸ் டானா கிப்சன், நாகரிக மங்கைகளை வரைந்து புகழ்பெற்றவர். ஹோவர்ட் சாண்ட்லர் கிறிஸ்டி, லெயண்டெக்கர், ஜோசப் பென்னல் என்று வார இதழ் அட்டைகளிலும் கலைக்கூடங்களிலும் பெயர் வாங்கிய பலர் இந்தப் போஸ்டர்களுக்கு வரைந்தார்கள்.

கிறிஸ்டி வரைந்ததில் மெல்லிய வெள்ளை உடுத்திய பெண் ஒருத்தி கொடியோடு நிற்பாள், பின்னால் சிப்பாய்கள் பாய்வார்கள், கீழே "போரிடு, அல்லது பத்திரம் வாங்கு" என்றிருக்கும். லெயண்டெக்கர் வரைந்ததில் சாரணச் சிறுவன் ஒருவன் மண்டியிட்டு, கேடயம் ஏந்திய சுதந்திர தேவிக்கு வாள் எடுத்துக் கொடுக்கிறான். அது வெறும் கற்பனை இல்லை. சாரணர்கள் உண்மையிலேயே வீடு வீடாகப் போய்ப் பத்திரம் விற்றார்கள்.

தலை உடைந்த சுதந்திர தேவி சிலை படம் ஒன்று பார்த்தேன். அது என்ன?

1918-ல் நான்காவது லிபர்ட்டி கடனுக்காக ஜோசப் பென்னல் வரைந்தது. என்னைக் கேட்டால் மொத்தக் கூட்டத்திலும் இதுதான் உச்சம்.

நியூயார்க் துறைமுகம். வானம் முழுக்கத் தீயின் நிறம், ஆரஞ்சும் கரும்புகையும். பின்னால் நகரம் எரிகிறது. மேலே எதிரி விமானங்கள். முன்னால் சிலை நிற்கிறது, தலை இல்லை. தீபம் ஏந்திய கையும் சிதைந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஜெர்மன் விமானம் எதுவும் அட்லாண்டிக்கைத் தாண்டி வர முடியாது. பென்னலுக்கு அது தெரியாமலா இருக்கும்? நடக்க முடியாததை நடந்துமுடிந்த செய்தி போல வரைந்தார், அவ்வளவுதான்.

இந்தப் படத்துக்கு அவர் முதலில் யோசித்த வாசகம், "லிபர்ட்டி பத்திரம் வாங்குங்கள், இல்லையென்றால் இதைத்தான் பார்ப்பீர்கள்" என்ற பொருளில் இருந்தது. அச்சான போஸ்டரில் இருப்பதோ லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையின் கடைசி வரியைத் தழுவிய வாசகம்: "இவ்வுலகிலிருந்து சுதந்திரம் அழிந்துபோகாதிருக்க". மிரட்டலை எடுத்துவிட்டுப் பள்ளியில் மனப்பாடம் செய்த வரியை வைத்தார்கள். மிரட்டும் வேலையைப் படமே பார்த்துக்கொண்டது. சுமார் 20 லட்சம் பிரதிகள் அச்சாயின.

ஜெர்மானியரை ராட்சசனாகக் காட்டும் படங்கள் ஏன் இவ்வளவு?

வெறுப்பு விற்றது, அதனால். ஃப்ரெட் ஸ்ட்ரோத்மன் வரைந்த ஒன்றில், இடிந்த ஐரோப்பாவின் விளிம்பிலிருந்து ஒரு ஜெர்மன் சிப்பாய் கடலைத் தாண்டி உங்களையே முறைக்கிறான்; விரல்களில் ரத்தம், துப்பாக்கி முனைக் கத்தியிலும் ரத்தம். எல்ஸ்வொர்த் யங் வரைந்த "பெல்ஜியத்தை நினைவில் கொள்" படம் இன்னும் மோசம். எரியும் ஊரின் முன்னால் கூம்புத் தலைக்கவசச் சிப்பாய் ஒருவன் ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். இரண்டும் நிழலுருவம் மட்டுமே, முகம் தெரியாது. மிச்சத்தைப் பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும்.

பெல்ஜியத்தில் 1914-ல் ஜெர்மன் படை ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது உண்மை. ஆனால் அந்த உண்மையின் மேல் ஏகப்பட்ட கட்டுக்கதையும் ஏறியது. போர் முடிந்தபின் அது தெரியவந்ததும் மக்களுக்கு இந்த மாதிரிச் செய்தி என்றாலே நம்பிக்கை போய்விட்டது. இரண்டாம் போரில் நாஜிக் கொடுமை பற்றி வந்த உண்மைச் செய்திகளைப் பலர் முதலில் நம்பத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சுவரொட்டியைப் பார்த்துவிட்டா ஜனங்கள் பத்திரம் வாங்கினார்கள்?

இந்தக் கேள்விதான் முக்கியம். பெரும்பாலும் இல்லை. ஆள் வந்து நேரில் கேட்டபோதுதான் வாங்கினார்கள்.

நம் ஊரில் கும்பாபிஷேக வசூல் நடப்பது தெரியும் அல்லவா? நோட்டீஸைப் பார்த்துவிட்டு யாரும் பணத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுவதில்லை. ஊர்ப் பெரியவர் இரண்டு பேரோடு வாசலில் வந்து நின்று நோட்டை நீட்டுவார். உங்கள் பெயருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய தொகை தெரியும். அங்கேதான் பை திறக்கும். அமெரிக்காவிலும் அதேதான். வேலை செய்யும் இடத்தில் கூட வேலை பார்ப்பவர், தெருவில் தெரிந்த பெண்மணி, தேவாலயத்தில் பாதிரியார், பள்ளியில் டீச்சர் என்று மறுக்க முடியாத முகங்களை அனுப்பினார்கள். "நான்கு நிமிட மனிதர்கள்" என்று சுமார் 75,000 தன்னார்வப் பேச்சாளர்கள் முதல் போரில் இருந்தார்கள். சினிமாக் கொட்டகையில் ரீல் மாற்றும் இடைவெளி நான்கு நிமிடம். அதற்குள் எழுந்து பேசி முடிப்பார்கள்.

இரண்டாம் போரின்போது அரசே ஆட்களை வைத்து ஆய்வு செய்து பார்த்தது. நேரில் கேட்கப்பட்டவர்கள் வாங்கினார்கள். கேட்கப்படாதவர்களில் வாங்கியவர்கள் மிகக் குறைவு. பத்திரத்தைப் பற்றி எல்லாம் தெரியும், வாங்குவது நல்லது என்றும் நினைப்பார்கள், ஆனால் ஒருவர் வந்து கேட்கும்வரை வாங்கமாட்டார்கள். அப்புறம் போஸ்டர் எதற்கு? வாசலில் வந்து நிற்பவரிடம் "இது எதற்கு?" என்று கேட்க முடியாமல் செய்வதற்கு. அந்தக் கேள்விக்கான பதில் ஏற்கெனவே தெருவெல்லாம் ஒட்டப்பட்டிருக்கும். போஸ்டரின் வேலை விற்பது இல்லை, மறுக்கிறவரைக் கூச்சப்பட வைப்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாங்காதவர்களுக்கு என்ன ஆனது?

சட்டப்படி எதுவும் ஆகக் கூடாது, வாங்குவது அவரவர் விருப்பம். நடைமுறை வேறு. முதல் போரில் பல ஊர்களில் யார் எவ்வளவு வாங்க வேண்டும் என்று உள்ளூர்க் குழுவே தீர்மானித்து அட்டையில் குறித்து வைத்தது. வாங்காதவர் வீட்டுக் கதவில் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். மஞ்சள் அங்கே கோழையின் நிறம். ஜெர்மன் வம்சாவளியினர் மீது பார்வை இரட்டிப்பாக விழுந்தது. ஆயுதம் தொடுவதே பாவம் என்று நம்பும் மென்னோனைட் கிறிஸ்தவர்கள் போருக்குக் கடன் கொடுக்கவும் மறுத்தார்கள். கான்சஸ் போன்ற மாநிலங்களில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

போஸ்டர்களும் இதற்குத் துணை போயின. "நீங்கள் நூறு சதவீத அமெரிக்கரா? நிரூபியுங்கள்!" என்று ஒன்று கேட்டது. இன்னொன்றில் கப்பலில் வந்து இறங்கும் குடியேறிகள் சுதந்திர தேவி சிலையைப் பார்த்துப் பரவசப்படுகிறார்கள். "அந்த முதல் சிலிர்ப்பை மறந்துவிடாதே, உன் கடமை, பத்திரம் வாங்கு" என்கிறது வாசகம். வந்த இடத்தில் வாடகை கேட்பது போல.

பிலடெல்பியா ஊர்வலம் பற்றிக் கேள்விப்பட்டேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அந்த ஊர்வலமே பத்திர விற்பனைக்காக நடந்ததுதான். 1918 செப்டம்பர் 28-ம் தேதி நான்காவது லிபர்ட்டி கடனை விளம்பரப்படுத்த பிலடெல்பியாவில் பெரிய ஊர்வலம். ஸ்பானிஷ் ஃப்ளூ ஏற்கெனவே நகரத்துக்குள் வந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நகரச் சுகாதார இயக்குநர் வில்மர் க்ரூசன் நிறுத்தவில்லை. விற்பனை இலக்கு ஒரு பக்கம், தேசபக்தி ஒரு பக்கம். சுமார் இரண்டு லட்சம் பேர் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். மூன்று நாளில் மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பின. அடுத்த சில வாரங்களில் நகரில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முதல் போரில் வாங்கியவர்களுக்குப் பணம் ஒழுங்காகத் திரும்பி வந்ததா?

வந்தது. ஆனால் இரண்டு இடத்தில் அடி.

லிபர்ட்டி பத்திரங்களைச் சந்தையில் விற்கலாம். போர் முடிந்தபின் வட்டி விகிதம் ஏற, 1920 வாக்கில் நூறு டாலர் பத்திரம் எண்பத்துச் சொச்சத்துக்கு விலை போனது. பணக்காரர் பொறுமையாக வைத்திருந்தார். அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர் நஷ்டத்துக்கு விற்றார். மதிப்புத் தெரியாதவர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போன தரகர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது அடி 1930-களில். பத்திரத்திலேயே "அசலும் வட்டியும் இன்ன தரமுள்ள தங்க நாணயத்தில் தரப்படும்" என்று அச்சடித்திருந்தது. 1933-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அப்படிப்பட்ட தங்க நிபந்தனைகள் எல்லாவற்றையும் ரத்து செய்தது. 1934-ல் ஒரு அவுன்ஸ் தங்கம் 20.67 டாலரிலிருந்து 35 டாலராக மாற்றப்பட்டது. அதாவது கொடுத்த டாலரைவிட மெலிந்த டாலர் திரும்பி வரும். நான்காவது லிபர்ட்டி கடனில் 10,000 டாலர் பத்திரம் வைத்திருந்த பெர்ரி என்பவர் வழக்குப் போட்டார். 1935-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரத் தீர்ப்பு சொன்னது: அரசு தன் சொந்த வாக்கை மீறியது அரசியல் சட்டத்துக்கு விரோதம், ஆனால் இதனால் உனக்கு நஷ்டம் ஏற்பட்டதை நீ நிரூபிக்கவில்லை, எனவே ஒன்றும் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் என்ன மாறியது?

பத்திரமே மாறியது. முதல் போரின் சந்தை விலைக் குளறுபடி நிதிச் செயலாளர் ஹென்றி மார்கன்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. 1941 மே 1-ம் தேதி வெளிவந்த ஈ வரிசைப் பத்திரம் அந்தப் பாடத்திலிருந்து பிறந்தது. முதல் பத்திரத்தை வாங்கியவர் அதிபர் ரூஸ்வெல்ட். வாங்கியவர் பெயரில் பதிவாகும், இன்னொருவருக்கு விற்க முடியாது, அடகும் வைக்க முடியாது. 60 நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போட்ட பணத்தை வாங்கிக்கொள்ளலாம். விலை சரியும் பேச்சே இல்லை, தரகருக்கும் வேலை இல்லை.

கணக்கும் எளிது. 18.75 டாலர் கொடுங்கள், பத்து ஆண்டு கழித்து 25 டாலர் வாங்குங்கள். அந்த 18.75-ம் இல்லாதவருக்கு 10 சென்டிலிருந்து சேமிப்பு ஸ்டாம்ப். பள்ளிப் பிள்ளைகள் 25 சென்ட் ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்டி வருவார்கள். 75 ஸ்டாம்ப் சேர்ந்தால் சரியாக ஒரு பத்திரம்.

வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளத்திலேயே பிடித்தம். பத்தில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 90 சதவீதத் தொழிலாளர்கள் சேர்ந்த ஆலைக்கு ஒரு கொடி தருவார்கள், அதை வாசலில் ஏற்றலாம். சேராத பத்து சதவீதத்தில் ஒருவராக அந்தக் கொடிக்குக் கீழே தினமும் நடந்து வேலைக்குப் போவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசுக்குள்ளேயே "இவ்வளவு கூத்து எதற்கு, கட்டாயச் சேமிப்பு என்று சட்டம் போட்டுவிடலாமே" என்று கேட்டவர்கள் உண்டு. மார்கன்தா ஒப்பவில்லை. பத்திரம் வாங்கும் மனிதன் போரைத் தன் போராக நினைப்பான் என்பது அவர் கணக்கு. அவருக்குப் பத்திரம் போரை விற்கும் வழி.

நார்மன் ராக்வெல்லின் நான்கு படங்களை அரசு முதலில் வேண்டாம் என்றதா?

ஆமாம். 1941 ஜனவரியில் ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்கள் பற்றிப் பேசினார்: பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. பேச்சில் கேட்க நன்றாக இருந்தது, ஆனால் மனதில் ஒட்டவில்லை. பத்திரிகை ஓவியரான ராக்வெல் அதை அன்றாட வீட்டுக் காட்சியாக யோசித்து, மாதிரிப் படங்களோடு 1942-ல் வாஷிங்டன் போனார். யாரும் ஆர்வம் காட்டவில்லை. திரும்பும் வழியில் பிலடெல்பியாவில் இறங்கி, சாட்டர்டே ஈவனிங் போஸ்ட் வார இதழின் ஆசிரியரிடம் காட்ட, அவர் உடனே எடுத்துக்கொண்டார். 1943 பிப்ரவரி, மார்ச் இதழ்களில் நான்கு வாரம் தொடர்ந்து வந்தன. வாசகர்கள் கொண்டாடியதும் நிதித் துறை ஓடிவந்தது. மூலப் படங்கள் 16 நகரங்களுக்குச் சுற்றுலா போயின. 12 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தச் சுற்றுலாவில் விற்ற பத்திரம் 13 கோடி டாலருக்கும் மேல்.

இதில் ராட்சசன் இல்லை, ரத்தம் இல்லை. ஊர்க் கூட்டத்தில் அழுக்குச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து பேசுகிறார், கோட்டு சூட்டு போட்டவர்கள் தலை நிமிர்ந்து கேட்கிறார்கள். இன்னொன்றில் தாயும் தகப்பனும் தூங்கும் பிள்ளைகளுக்குப் போர்வை சரிசெய்கிறார்கள். தகப்பன் கையில் மடித்த செய்தித்தாள், தலைப்பில் குண்டுவீச்சுச் செய்தி. போரைப் பற்றி அந்தப் படத்தில் இருப்பது அந்தத் தலைப்பு மட்டும்தான்.

அப்படியானால் இரண்டாம் போரில் பயமுறுத்தும் படங்களே இல்லையா?

இருந்தன. லாரன்ஸ் பீல் ஸ்மித் 1942-ல் வரைந்தது ஒன்று போதும். புல்வெளியில் மூன்று குழந்தைகள் விளையாடுகிறார்கள்: ஒருவன் கையில் பொம்மை விமானம், சிறுமி கையில் ஒரு பொம்மை, காகிதத் தொப்பி போட்ட இன்னொருவன் கையில் சிறு கொடி. அவர்கள் மேல் பிரம்மாண்டமான ஸ்வஸ்திக நிழல் படர்ந்து வருகிறது. "அந்த நிழல் இவர்களைத் தொட விடாதீர்கள்." எதிரியின் முகத்தைக் காட்டாமலே காரியம் முடிந்தது. ஜப்பானியரைக் காட்டிய படங்கள் இவ்வளவு நாசூக்கானவை அல்ல. பல்லும் நகமுமாக, இனவெறி அப்பட்டமாகத் தெரியும்.

இவோ ஜிமாவில் கொடி நடும் படம் பத்திர போஸ்டராக வந்ததா?

வந்தது. ஜப்பானின் இவோ ஜிமா தீவில், மலை உச்சியில் அமெரிக்க வீரர்கள் கொடி நடுவதை 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசன்தால் எடுத்த புகைப்படம் அது. ஏழாவது போர்க்கடனுக்கு சி. சி. பீல் அதை வண்ணத்தில் வரைந்தார். இலக்கு 1,400 கோடி டாலர். வந்தது 2,600 கோடிக்கும் மேல்.

படத்தில் இருந்த ஆறு பேரில் மூவர் அதே தீவில் சண்டையில் இறந்துவிட, உயிரோடு இருந்தவர்கள் என்று ஜான் பிராட்லி, ரெனே காக்னன், ஐரா ஹேய்ஸ் மூவரையும் நாடு முழுக்கப் பத்திரம் விற்க அழைத்துப் போனார்கள். போகிற இடமெல்லாம் மேடை, மைதானத்தில் காகித மலை, மறுபடி மறுபடி கொடி நடும் நாடகம். ஹேய்ஸ் பீமா பழங்குடியைச் சேர்ந்தவர், கூச்ச சுபாவம், குடிப்பழக்கம் முற்றி, சுற்றுப்பயணம் முடியும் முன்பே படைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 1955-ல் 32 வயதில் இறந்தார். பிறகு 2016-லும் 2019-லும் மரைன் படை புகைப்படங்களை மறுபடி ஆராய்ந்து, பிராட்லியும் காக்னனும் அந்தப் படத்தில் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. மேடை ஏறிய மூவரில் உண்மையில் படத்தில் இருந்தவர் ஹேய்ஸ் மட்டுமே.

கறுப்பினத்தவர் இடம்பெற்ற சுவரொட்டிகள் உண்டா?

குறைவு. 1943-ல் வந்த "எங்களைப் பறக்க வையுங்கள்! போர்ப் பத்திரம் வாங்குங்கள்" பலருக்குத் தெரிந்தது. அதில் வானத்தைப் பார்த்து நிற்பவர் டஸ்கீகி விமானிகள் எனப்பட்ட கறுப்பினப் போர் விமானிகளில் ஒருவரான ராபர்ட் டீஸ். படை அப்போது நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. டீஸ் பறந்தது கறுப்பினத்தவருக்கென்று தனியாக வைத்த படைப்பிரிவில். பத்திரம் வாங்க மட்டும் வரிசை ஒன்றே.

சினிமா நட்சத்திரங்கள்?

முதல் போரில் சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஊர் ஊராகப் போனார்கள். இரண்டாம் போரில் ஹாலிவுட்டே கிளம்பியது. கரோல் லோம்பார்ட் 1942 ஜனவரியில் இண்டியானாபொலிஸில் ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் விற்றுவிட்டு ஊர் திரும்பும்போது விமான விபத்தில் இறந்தார்.

நான் வாங்கும் பத்திரத்தில் நிஜமாகவே ஒரு துப்பாக்கி வாங்கினார்களா?

இல்லை. பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகும், அங்கே எல்லாம் ஒரே தண்ணீர். பத்திரம் குறைவாக விற்றிருந்தாலும் விமானம் செய்திருப்பார்கள். விலைவாசிதான் இன்னும் ஏறியிருக்கும். "உன் வெள்ளிக் காசைத் தோட்டாவாக மாற்று" என்று பிரிட்டிஷ் போஸ்டர் ஒன்று சொன்னது. கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளோடு இணைத்தால்தான் கை பைக்குள் போகும்.

வாங்கியவர்களுக்கு லாபமா நஷ்டமா?

1942-ல் 18.75 டாலர் போட்டவருக்கு 1952-ல் 25 டாலர் கிடைத்தது. போர் முடிந்து விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் விலைவாசி ஏறிவிட்டதால், 1942-ல் 18.75 டாலருக்கு வாங்கிய பொருளை 1952-ல் வாங்க சுமார் 30 டாலர் ஆனது. ஆக, வாங்கும் சக்திப்படி நஷ்டம்தான். ஆனாலும் அந்தச் சேமிப்பு பலருக்கு வீட்டுக்கு முன்பணமாக, பிள்ளையின் படிப்புக்கு ஆனது. பிடித்தம் இல்லாவிட்டால் சேர்த்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் 1914 நவம்பரில் 35 கோடி பவுண்டுக்கு முதல் போர்க்கடன் அறிவித்தார்கள். கேட்டதற்கு மேலேயே குவிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் பொதுமக்களிடமிருந்து மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மிச்சத்தை இங்கிலாந்து வங்கி தன் அதிகாரிகள் பெயரில் ரகசியமாக வாங்கிக் கணக்கை மூடியது. 2017-ல் அந்த வங்கியின் ஆய்வாளர்களே பழைய பேரேட்டைப் புரட்டி இதை வெளியிட்டார்கள். நூறு ஆண்டுக்கு முன் தவறான செய்தி போட்ட ஃபைனான்ஷியல் டைம்ஸ் திருத்தம் வெளியிட்டது. 1917-ல் விற்ற 5 சதவீதக் கடன் பின்னர் 1932-ல் மூன்றரை சதவீதமாகக் குறைக்கப்பட்டு, கடைசியில் 2015 மார்ச்சில்தான் அடைபட்டது.

பிரான்ஸில் அபெல் ஃபேவ்ர் வரைந்த படத்தில் தங்க நாணயத்திலிருந்து சேவல் பாய்ந்து ஜெர்மன் சிப்பாயைக் கொத்தும். ஜெர்மனி ஒன்பது சுற்றுகளில் சுமார் 9,800 கோடி மார்க் திரட்டியது. ஃப்ரிட்ஸ் எர்லர் 1917-ல் வரைந்த, இரும்புத் தொப்பிக்குக் கீழே கண் மின்னும் சிப்பாய் அதன் முகம். 1923 பணவீக்கத்தில் அந்தப் பத்திரம் எல்லாம் ஒரு ரொட்டித் துண்டு வாங்கவும் போதாமல் போனது. ரஷ்யாவில் 1917-ல் கஸ்தோதியெவ் "சுதந்திரக் கடனு"க்குச் சிப்பாய் வரைந்தார். மறு ஆண்டே போல்ஷ்விக் அரசு ஜார் காலத்துக் கடன்களோடு சேர்த்து எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டது. நாட்டுப்பற்றில் யாரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை. திரும்பி வந்த பணம்தான் யார் ஜெயித்தார்கள் என்பதைப் பொறுத்து இருந்தது.

இந்தியாவில் இது நடந்ததா?

நடந்தது. 1917-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு பிரிட்டனுக்குப் பத்துக் கோடி பவுண்டு "அன்பளிப்பு" தர ஒப்புக்கொண்டது. அதில் ஒரு பகுதி இங்கே விற்ற போர்க்கடனிலிருந்து வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1962 சீனப் போரின்போது தங்கப் பத்திரம் வந்தது, 1965 பாகிஸ்தான் போரின்போது தேசிய பாதுகாப்புத் தங்கப் பத்திரம். நகையைக் கொடுத்தால் 1980-ல் தங்கமாகவே திரும்பத் தருவோம் என்றார்கள், தந்தார்கள். இடையில் தங்கம் விலை ஏறிய ஏற்றத்துக்கு, அதைக் கொடுத்தவர்கள் பாடு பரவாயில்லை.

பழைய பத்திரம் கையில் கிடைத்தால் இன்றும் பணமாகுமா?

அமெரிக்க ஈ வரிசை ஆகும். போர்க்கால ஈ பத்திரத்துக்கு வெளியான நாளிலிருந்து 40 ஆண்டு வட்டி உண்டு, அதன்பின் வட்டி நின்றுவிடும். சேர்ந்த தொகையை உரியவரோ வாரிசோ நிதித் துறையிடம் கேட்டு வாங்கலாம்.

போஸ்டர் வாங்க நினைக்கிறேன். அசலா நகலா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் போர்க்கால போஸ்டர்கள் பெரும்பாலும் கல்லச்சு முறையில் வந்தவை, நிறம் ஒழுங்கற்ற துகளாக, கிரேயான் தேய்த்தது போல இருக்கும். வரிசையாக ஒரே சீரான நான்கு வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். இரண்டாம் போர் போஸ்டரில் புள்ளி இருப்பது சகஜம், அதை வைத்துத் தள்ளிவிட வேண்டாம். அங்கே அடி ஓரத்தைப் பாருங்கள்: அரசு அச்சகத்தின் பெயரும் ஆண்டும் எண்ணும் சிறிய எழுத்தில் இருக்கும். பளபளப்பான கெட்டித் தாள் என்றால் சந்தேகப்படுங்கள். அன்று அஞ்சலில் அனுப்ப மடித்த மடிப்புக் கோடு இருந்தால் அது குறை இல்லை, சாதகமே. சுவரில் மாட்டப் படம் மட்டும் போதும் என்றால் காசே வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் பெரிய அளவுப் பிரதிகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன.